எண்பதுகளின் ஓசையில் ஒரு ராப் ஆல்பம்: சாம்பிளா, மறுவாசிப்பா, பழைய மெஷினா, பிளக்-இன்னா?

எண்பதுகளின் பாப் வாசனையோடு ஹிப்-ஹாப் ஆல்பம் செய்ய நினைக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். அந்தக் காலத்துப் பாட்டையே வெட்டிச் சாம்பிளாக எடுப்பதா? அதே மெட்டை நாமே மறுபடி வாசிப்பதா? அந்தக் காலத்து சின்த்தையும் (மின்னணுவில் ஒலியை உருவாக்கும் கீபோர்டு) டிரம் மெஷினையும் தேடி வாங்குவதா? இல்லை, கம்ப்யூட்டரில் பிளக்-இன் (அந்த மெஷின்களைப் போல ஒலிக்கும் மென்பொருள்) போட்டு முடித்துவிடுவதா?

நான்கு வழியிலும் நல்ல பாட்டுகள் வந்திருக்கின்றன. நான்கிலும் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொந்தக் காசில் ஆல்பம் செய்கிறவருக்கு பிளக்-இன்னும், பதிந்த ஒலிகளை அளவாகக் கலந்து தரும் ஒரு நல்ல மிக்ஸிங் இன்ஜினியரும் போதும். அதற்குமேல் மனசு கேட்காவிட்டால், ஒரே ஒரு பாட்டுக்கு மறுவாசிப்பு அனுமதி வாங்கலாம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

## காது எதைக் கேட்டு 'எண்பதுகள்' என்கிறது?

மெட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மெட்டுக்கு முன்னால் ஸ்னேர் (டிரம்ஸில் 'டப்' என்று அடிக்கும் முரசு) வந்து நிற்கும்.

இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பம் 1980இல் வெளிவந்தது. அதில் சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஃபில் காலின்ஸ். பதிவு செய்த இன்ஜினியர் ஹ்யூ பட்ஜம். இடம் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. அங்கிருந்த எஸ்எஸ்எல் மிக்ஸரில், உள்ளே இருக்கும் கலைஞர்கள் பேசுவது வெளியே கேட்பதற்கென்று ஒரு தனி மைக் வழி உண்டு. அதில் பலமான கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நசுக்கும் கருவி). டிரம்ஸ் ஒலி அந்த வழியாக வந்தபோது நசுங்கிப் பிதுங்கி, அறை முழுக்க அதிர்கிற மாதிரி கேட்டது. அந்த அதிர்வைத் தானாக அடங்க விடாமல் நாய்ஸ் கேட் (ஒலி குறைந்ததும் வழியை மூடிவிடும் கருவி) போட்டுச் சட்டென்று அறுத்தார்கள். பெரிய அறை, ஆனால் எதிரொலி பாதியிலேயே காணாமல் போகிறது. இயற்கையில் இல்லாத ஓசை. 1981இல் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிறகு ஏஎம்எஸ் ஆர்எம்எக்ஸ்16 என்ற டிஜிட்டல் ரிவெர்ப் (எதிரொலி) பெட்டி இதே விளைவை ஒரு ப்ரோகிராமாகவே தந்துவிட, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது.

அடுத்தது சின்த். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் கண்ணாடி தட்டுகிற மாதிரியான எலெக்ட்ரிக் பியானோ ஒலி. ரோலண்ட் ஜூனோ சின்த்தின் கோரஸ் பட்டனை (ஒரே ஒலியைப் பலர் வாசிப்பது போலத் தடிக்க வைப்பது) தட்டியதும் விரிந்துகொள்ளும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). மூன்றாவது டிரம் மெஷின்கள். ரோஜர் லின் 1980இல் கொண்டுவந்த எல்எம்-1தான் உண்மையான டிரம்ஸ் ஒலிகளைச் சிப்பில் பதிந்து வைத்துத் தந்த முதல் டிரம் மெஷின். பிரின்ஸ் அதை எவ்வளவு விரும்பினார் என்பது அவருடைய எண்பதுகளின் பதிவுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். இன்றைய ராப்பின் டிராப் பாணியில் வறட்டு ஸ்னேர் போட்ட பீட் (ராப்பின் பின்னணி இசை) மேல் ஜூனோ கார்டு வைத்தால், கேட்பதற்கு இனிமையான இன்றைய பீட் கிடைக்கும்; அவ்வளவுதான். அதே பீட்டில் ஸ்னேரை மட்டும் மாற்றி, அறுத்த ரிவெர்ப் கொடுத்தால் சின்த்தே இல்லாமல்கூட 1984க்குப் போய்விடலாம். பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹிப்-ஹாப்புக்கு எண்பதுகளின் ஓசை வெளியூர்ச் சரக்கு கிடையாது. 1982இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின் மேல்தான் ஓடியது. எல்எம்-1ஐச் செய்த அதே ரோஜர் லின்தான் ஹிப்-ஹாப்பின் முதுகெலும்பான அகாய் எம்பிசி60ஐயும் (ஒலித் துண்டுகளைப் பதிந்து பட்டன்களில் வாசிக்கும் மெஷின்) 1988இல் வடிவமைத்தார். பாப்பும் ராப்பும் ஒரே மெஷின்களை வைத்துக்கொண்டு வேறு வேறு பக்கம் போனவை. அதனால் இந்த ஆல்பத்தில் எண்பதுகளை எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை. ராப்புக்குள்ளேயே இருப்பதைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் போதும்.

## எதை வைத்து அளக்கப் போகிறோம்

ஐந்து அளவுகோல்கள் போதும். ஓசை எவ்வளவு நம்பும்படி இருக்கிறது. உரிமைச் சிக்கல் எவ்வளவு. முதலில் எவ்வளவு பணம், பிறகு எவ்வளவு பணம். எவ்வளவு நாள் பிடிக்கும். ராப் குரலுக்கு எவ்வளவு இடம் விடுகிறது. முதல் நான்கும் சொல்லாமலே புரியும். ஐந்தாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எண்பதுகளின் நடனப் பாப் பெரும்பாலும் நிமிடத்துக்கு 110 முதல் 125 பீட் வேகத்தில் போகும். 120இல் பீட்டுக்கு நான்கு அசை வீதம் ராப் செய்தால் நொடிக்கு 8 அசை வரும். இரண்டு வரிக்குள் மூச்சு வாங்கும். பீட்டுக்கு இரண்டு அசை என்று குறைத்தால் நொடிக்கு 4; உடனே பழைய பார்ட்டி ராப்பின் நடை வந்துவிடும். 90இல் பீட்டுக்கு நான்கு அசை என்றால் நொடிக்கு 6. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில், ராப்புக்கு வசதியான இடம் அது. ஆக, எண்பதுகளின் இயல்பான வேகமும் ராப்பின் இயல்பான வேகமும் ஒன்றோடொன்று இடிக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான் பெரிய வேலை. என்னைக் கேட்டால் 98 முதல் 106க்குள் பீட்டை வைத்துப் பாருங்கள்; இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

இரண்டாவது இடிபாடு நடு அலைவரிசையில். எண்பதுகளின் பாப் அங்கே கார்டுகளையும் கோரஸையும் நெருக்கமாக அடுக்கும். பாடும் குரல் நீண்ட ஸ்வரங்களில் அதன் மேல் மிதந்துவிடும். ராப் குரலுக்கு அது முடியாது. க, ச, ட, ப என்று மெய்யெழுத்துகள் தெறிக்க வேண்டும். அதற்கு நடுவில் காலியிடம் வேண்டும்.

## வழி 1: பழைய பாட்டைச் சாம்பிள் எடுப்பது

ஓசையில் இதற்கு நிகரே இல்லை. அந்த அறை, அந்த டேப், அந்தக் குரல், எல்லாம் அசல். கேட்பவர் முதல் இரண்டு நொடியிலேயே தலையாட்டுவார். பழைய நினைவு என்ற இலவச இணைப்பும் கூடவே வரும்.

இலவசம் அதோடு முடிந்தது. ஒரு சாம்பிளுக்கு இரண்டு உரிமை வேண்டும்: பதிவுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. பதிவு பெரும்பாலும் லேபிள் (ஆல்பத்தை வெளியிடும் இசை நிறுவனம்) கையில். பாட்டு, அதை எழுதியவர் அல்லது அவருடைய பப்ளிஷர் (எழுத்துரிமையை நிர்வகிக்கும் நிறுவனம்) கையில். இருவரும் சம்மதித்தால்தான் உண்டு. ஒருவர் மாட்டேன் என்றால் மற்றவர் தந்த அனுமதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், ஒருவருக்கு என்ன விலை தருகிறோமோ அதே விலை மற்றவருக்கும் தர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தங்களில் சகஜமாக இருக்கும். ஒரு பக்கம் பேரம் பேசிக் குறைத்ததாக நினைத்தால், இன்னொரு பக்கம் அதைத் தூக்கிவிடும். முன்பணம் தவிர, புதுப் பாட்டின் எழுத்துரிமையில் பங்கு கேட்பார்கள். பாதி கேட்பது சாதாரணம், முழுவதையும் கேட்பதும் நடக்கிறது.

கொஞ்சமாக எடுத்தால் பரவாயில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1991இல் ராப்பர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பையே 'திருடாதே' என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்கியது. அன்றோடு அனுமதி இல்லாத சாம்பிள் காலம் முடிந்தது. 2005இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பதிவிலிருந்து எவ்வளவு சிறிதாக எடுத்தாலும் உரிமம் வேண்டும் என்றது. 2016இல் மடோனாவின் 'வோக்' பாட்டில் இருந்த 0.23 நொடி ஹார்ன் ஒலி குறித்து இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறாக, அவ்வளவு சிறியது பாதகமில்லை என்றது. ஐரோப்பாவில் ஜெர்மன் இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கின் இரண்டு நொடித் தாளத் துண்டு பற்றிய வழக்கில், காதுக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றியிருந்தால் மட்டும் தப்பலாம் என்று 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் நமக்கு வேண்டியதே அடையாளம் தெரிவதுதானே! தெரியாத அளவுக்கு மாற்றிய எண்பதுகள் சாம்பிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறைந்திருக்கும் செலவு இன்னும் இருக்கிறது. எண்பதுகளின் பெரிய பாட்டுகளின் உரிமை கை மாறிக்கொண்டே இருக்கிறது. ஃபில் காலின்ஸும் ஜெனிசிஸ் குழுவின் சக கலைஞர்களும் தங்கள் உரிமைகளை 2022இல் கன்கார்ட் நிறுவனத்துக்கு விற்றார்கள். பணம் போட்டு வாங்கியவர்கள் போட்டதை எடுக்கத்தான் பார்ப்பார்கள். யாரிடம் கேட்பது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை.

இசை பக்கத்துச் செலவு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். 118 வேகத்தில் இருக்கும் பாட்டை 92க்கு இறக்குவதாக வைத்துக்கொள்வோம். பழைய முறையில் டேப்பை மெதுவாக ஓட்டுவது போல இறக்கினால் சுருதி நான்கு அரைச்சுருதிக்கும் மேல் கீழே போகும். பெண் குரல் ஆண் குரலாகிவிடும். சுருதி மாறாமல் நீட்டினால் குரல் பிழைக்கும், ஸ்னேரின் முகப்பு குழைந்துவிடும். எதற்காக அந்தச் சாம்பிளை எடுத்தோமோ அதுவே போய்விட்டது. பழைய டேப் பதிவுகள் பல இன்று பொதுவான 440 ஹெர்ட்ஸ் சுருதியில் சரியாக உட்காராது. நீங்கள் போடும் 808 பேஸைத்தான் (அந்த மெஷினின் ஆழ்ந்த கீழ் ஒலி) அதற்கு ஏற்ப நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஆல்பம் முழுக்க ஏதோ புளித்த மாதிரி இருக்கும், எங்கே என்று தெரியாது. பாட்டின் சொந்த பேஸையும் வடிகட்ட வேண்டும். இரண்டு பேஸ் ஒரே அறையில் குடியிருக்க முடியாது.

இப்போது குரலையும் டிரம்ஸையும் பிரித்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. வேலை சுலபமாகிவிட்டது, சந்தேகமில்லை. சட்டம் மாறவில்லை. பிரித்தெடுத்த துண்டும் அதே பதிவின் துண்டுதான்.

லேபிள் பின்னால் நிற்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனால் குடி முழுகாது என்றால் இந்த வழியில் போகலாம். ஆல்பத்தின் முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) ஒன்றுக்காக மட்டும் என்றால் இன்னும் நல்லது. தனி ஆளாக, பத்துப் பாட்டிலும் சாம்பிள் வைத்து ஆல்பம் செய்கிறேன் என்பவரிடம் வேண்டாம் என்றே சொல்வேன்.

## வழி 2: மெட்டை மறுபடி வாசிப்பது

இதற்கு இசைத்துறையில் இன்டர்பொலேஷன் என்று பெயர். பதிவைத் தொடுவதில்லை, அதே மெட்டை, அதே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) நீங்களே புதிதாக வாசித்துப் பதிகிறீர்கள். லேபிளிடம் போக வேண்டாம், பப்ளிஷர் ஒருவர் போதும். அமெரிக்கச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அந்தப் பதிவை நகலெடுப்பதைத்தான் தடுக்கும். அதே மாதிரி ஒலிக்கும்படி புதிதாக வாசிப்பதைத் தடுக்காது.

இரண்டு உரிமைக்கும் இடையே உள்ள வித்தியாசம் புரிய வேண்டுமானால் 'தி போலீஸ்' என்ற இசைக்குழுவின் 'எவ்ரி பிரெத் யு டேக்' நல்ல உதாரணம். 1983இல் வந்த அந்தப் பாட்டை எல்லோருக்கும் நினைவில் நிறுத்துவது ஆண்டி சம்மர்ஸின் கிட்டார். எழுதியவர் என்று பெயர் இருப்பது குழுவின் பாடகர் ஸ்டிங்குக்கு மட்டும். 1997இல் ராப்பர் பஃப் டாடி அதன்மேல் தன் அஞ்சலிப் பாட்டை அமைத்தபோது எழுத்துரிமைப் பணம் போனது ஸ்டிங்கின் கணக்குக்கு. நீங்கள் ஒரு ரிஃப்பை மறுபடி வாசித்தால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதற்கும் இதே கணக்குதான்: வாசித்தவரிடம் இல்லை, எழுதியவராகப் பதிவானவரிடம்.

இசைக்கு இது சாம்பிளைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன். வேகம் உங்கள் இஷ்டம். 118இல் இருந்ததை 100இல் வாசிக்கலாம், எதுவும் குழையாது. சுருதி உங்கள் குரலுக்கு ஏற்றபடி. ராப் வரும் இடத்தில் கார்டுகளை நிறுத்திவிட்டு பேஸை மட்டும் ஓடவிட்டு, பல்லவியில் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். சாம்பிளில் இதற்கு வழியே இல்லை. 'பிளானட் ராக்'கிலும் கிராஃப்ட்வெர்க்கின் மெட்டைக் கீபோர்டில் வாசித்துத்தான் சேர்த்தார்கள். என்ன, அனுமதி கேட்கவில்லை. பிறகு பணம் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

இங்கே தடுக்கி விழும் இடங்கள் மூன்று. ஒன்று, கவர் பாடலுக்கு (பிறர் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவது) அமெரிக்காவில் கட்டாய உரிமம், அதாவது உரிமையாளர் மறுக்க முடியாத உரிமம் உண்டு என்று கேள்விப்பட்டு அதை நம்புவது. அந்தச் சலுகை பாட்டின் அடிப்படை மெட்டையும் தன்மையையும் மாற்றாதவர்களுக்கு மட்டும். நடுவில் புது ராப் வரிகளைச் சேர்த்தால் செல்லாது. பப்ளிஷரிடம் நேரடியாகக் கேட்டே ஆக வேண்டும், மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இரண்டு, குரலைப் போலி செய்வது. இசையைப் போலி செய்யலாம், பிரபலமான குரலைச் செய்தால் வேறு வழக்கு வரும். 1988இல் பெட் மிட்லரைப் போலப் பாடவைத்த கார் விளம்பரம் அப்படித்தான் மாட்டியது. மூன்று, வாசிக்கும் ஆள். டிஎக்ஸ்7 ஒலியைப் போட்டுவிட்டால் போதும் என்று மவுஸால் நோட் வைத்தால் செல்போன் ரிங்டோன்தான் வரும். அந்தக் காலத்து ரிஃப்களில் விரல் எங்கே முந்துகிறது, எங்கே தயங்குகிறது என்பதுதான் உயிர். நல்ல கீபோர்டு கலைஞர் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுங்கள்.

கையில் ஓரளவு பணம் இருக்கிறது, ஆல்பத்தில் ஒரு பாட்டாவது எல்லோருக்கும் தெரிந்த மெட்டோடு இருக்க வேண்டும் என்றால் சாம்பிளுக்குப் பதில் இதைத்தான் செய்ய வேண்டும்.

## வழி 3: பழைய மெஷின்களையே வாங்குவது

ஆசை காட்டுவதில் இதற்கு முதலிடம். டிஆர்-808 1980இல் வந்து 1983இல் நிறுத்தப்பட்டது. செய்தது சுமார் 12,000. அன்று சீந்துவாரில்லாமல் போன மெஷின் இன்று சேகரிப்பாளர்கள் கையில். கான்யே வெஸ்ட் 2008இல் தன் ஆல்பத்தின் தலைப்பிலேயே 808 என்று வைத்த பிறகு கேட்கவே வேண்டாம்.

மெஷினை விரல் நுனியில் வைத்து வேலை செய்தால் முடிவுகள் வேறு மாதிரி வரும் என்பது உண்மை. ஜூனோவில் ஒரு குரலுக்கு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களில் ஒன்று) ஓர் ஆசிலேட்டர் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி). நாற்பது மெனு கிடையாது. ஸ்லைடரைத் தள்ளுகிறோம், கேட்கிறோம், பிடித்தால் வைத்துக்கொள்கிறோம். தேர்வு குறைவாக இருப்பதே சிலருக்குப் பெரிய உதவி. உரிமைச் சிக்கலும் இல்லை. மெஷினின் ஒலியை வைத்து நீங்கள் செய்த மெட்டு உங்களுடையது.

செலவு வாங்கும் நாளோடு முடிவதில்லை. ஜூனோ-106இன் குரல் சிப்புகள் மேல் பூசிய பிசின் காலப்போக்கில் அவற்றைக் கெடுத்துவிடும். இது அந்த மாடலின் பேர்போன வியாதி. ஆறு குரலில் ஒன்று திடீரென்று கரகரக்கும் அல்லது ஊமையாகும். டிஎக்ஸ்7இல் உள்ளே ஒரு பேட்டரி. அது செத்தால் சேமித்த ஒலிகளும் போய்விடும். மிடி என்ற பொது இணைப்பு 1983இல்தான் வந்தது. அதற்கு முந்தைய 808, எல்எம்-1, ஜூனோ-60 போன்றவை இன்றைய கம்ப்யூட்டரோடு பேசாது. நடுவில் தனியாக ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். சர்வீஸ் செய்யத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்று விசாரிக்காமல் பழைய சின்த் வாங்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது: மெஷின் கிடைத்தாலும் எண்பதுகள் தானாக வந்துவிடாது. டிஎக்ஸ்7ஐ நேராகக் கம்ப்யூட்டரில் செருகிப் பதிந்தால் மெலிந்த, குளிர்ந்த ஒலிதான் வரும். அந்தக் காலத்துப் பதிவில் அது இனித்ததற்குக் காரணம் பின்னால் நின்ற கோரஸ், ரிவெர்ப், டேப், மிக்ஸர் எல்லாம் சேர்ந்துதான்.

நடுவழி ஒன்று உண்டு. பழைய மாடல்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ரோலண்ட் டிஆர்-08 2017இல் வந்தது. புரொஃபெட்-5 சின்த் 2020இல் மறுபடி வந்தது. விலை பழையதைவிடக் குறைவு, பழுது குறைவு, மிடி உண்டு. மேடையில் நேரடியாக வாசிக்கப் போகிறவருக்கு இவை நல்ல முதலீடு. ஆல்பத்துக்காக மட்டும் என்றால் அவசியமில்லை.

## வழி 4: பிளக்-இன்னும் சாம்பிள் பேக்கும்

பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பேன். இன்று மிக்ஸுக்குள் போன பிறகு பிளக்-இன் ஜூனோவையும் அசல் ஜூனோவையும் பிரித்துச் சொல்லும் காதுகள் மிகக் குறைவு. டெக்ஸ்ட் என்ற இலவச பிளக்-இன் டிஎக்ஸ்7இன் ஒலித் தொகுப்புகளை அப்படியே படிக்கும். அன்றைய ஒலிகளை இன்று காசில்லாமல் வாசிக்கலாம்.

சேர்த்த பணத்தை எங்கே போடுவது என்பதற்கு ஸ்னேரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வேகம் 100 என்றால் ஒரு பீட் 0.6 நொடி. லின் மாதிரி ஸ்னேர் ஒன்றை எடுத்து, பெரிய அறை ரிவெர்ப் போட்டு, 0.3 நொடியில் கேட் மூடும்படி வையுங்கள். வால் சரியாக அரை பீட்டில் அறுபடும். அடுத்த அரை பீட்டில் ராப்பரின் சொல்லுக்குச் சுத்தமான இடம். கேட் 0.45இல் மூடினால் ஸ்னேர் தனியாகக் கேட்க இன்னும் பிரமாதமாக இருக்கும், ஆனால் சொல்லின் முதல் எழுத்தை முழுங்கும். ரிவெர்ப்பில் மட்டும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்று இறக்குங்கள். மெய்யெழுத்துகள் குடியிருக்கும் இடம் அது. பல்லவியில் ராப் இல்லை என்றால் அங்கே கேட்டைத் தாராளமாகத் திறந்துவிடலாம். இது எதற்கும் அரிய மெஷின் தேவையில்லை. தேவை நிதானமும், ராப்பும் பாப்பும் இரண்டும் தெரிந்த மிக்ஸிங் இன்ஜினியரும்.

இதிலும் பொறி உண்டு. சாம்பிள் பேக் என்று விற்கும் ஒலித் தொகுப்புகளில், ராயல்டி இல்லாத லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டு) என்று வாங்கியது உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆயிரம் பேர் அதே லூப்பை வாங்கியிருப்பார்கள். அதில் ஒருவர் அதைத் தன் பாட்டாக இணையத் தளங்களின் தானியங்கி அடையாள முறையில் பதிவு செய்துவிட்டால், உங்கள் பாட்டின் மேல் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். நிரூபித்து விடுவிக்கலாம், ஆனால் வெளியீட்டு வாரத்தில் அந்த அலைச்சல் தேவையா? ஆகவே டிரம்ஸ் ஒலிகளைத் தனித்தனியாக வாங்குங்கள், மெட்டு லூப்பை வாங்காதீர்கள்.

இன்னொரு பொறி, 'அந்த மாதிரி' செய்கிறேன் என்று குறிப்பிட்ட ஒரு பாட்டுக்கு மிக நெருங்கிப்போவது. 'பிளர்டு லைன்ஸ்' வழக்கில் ஒரு சாம்பிளும் இல்லை. மார்வின் கேயின் 1977 பாட்டைப் போல இருக்கிறது என்று 2015இல் நடுவர் குழு 70 லட்சம் டாலருக்கும் மேல் விதித்தது. பிறகு அது சுமார் 53 லட்சமாகக் குறைந்தது, 2018இல் மேல்முறையீட்டிலும் நின்றது. கேட்டி பெர்ரியின் 'டார்க் ஹார்ஸ்' வழக்கில் 2022இல் வந்த தீர்ப்பு, சாதாரணமான சின்னஞ்சிறு ஸ்வர வரிசைகளை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்தது. என்றாலும், ஒரே பாட்டை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள், ஐந்தாறை வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, இன்ன பாட்டைப் போல வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதி வைக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சாம்பிள் | மறுவாசிப்பு | பழைய மெஷின் | பிளக்-இன் |
|---|---|---|---|---|
| ஓசையின் நம்பகம் | அசலே | வாசிப்பவர் கையில் | நல்லது, மிக்ஸிங் துணை வேண்டும் | நல்லது, மிக்ஸிங் துணை வேண்டும் |
| உரிமை | இரண்டு அனுமதி | ஓர் அனுமதி | இல்லை | லூப் தவிர்த்தால் இல்லை |
| முதல் செலவு | அதிகம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| தொடர் செலவு | எழுத்துரிமைப் பங்கு, பதிவுக்கும் ராயல்டி | எழுத்துரிமைப் பங்கு | பழுது, உதிரி | சந்தா இருந்தால் அது |
| நேரம் | கணிக்க முடியாது | சில வாரங்கள் முதல் மாதங்கள் | தேடவும் பழகவும் நாளாகும் | இன்றே தொடங்கலாம் |
| ராப்புக்கு இடம் | குறைவு | நினைத்தபடி | நினைத்தபடி | நினைத்தபடி |

## சரி, யாருக்கு எது?

முதல் ஆல்பம், சொந்தக் காசு: நான்காவது வழி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மெஷினுக்கு என்று ஒதுக்கிய தொகையை மிக்ஸிங்குக்கு மாற்றுங்கள்.

கையெழுத்தான லேபிள், வானொலியில் ஓட வேண்டிய சிங்கிள்: அந்த ஒரு பாட்டுக்கு இரண்டாவது வழி, மற்றவற்றுக்கு நான்காவது. அந்தக் குறிப்பிட்ட குரல்தான் வேண்டும், வேறு யார் பாடினாலும் ஆகாது என்கிற நிலைமையில் மட்டும் சாம்பிள்.

மேடைதான் வாழ்க்கை, இரண்டு மூன்று வருடம் இதே ஓசையோடு ஊர் சுற்றப் போகிறீர்கள்: புதிதாக வந்த மாடல் ஒன்று வாங்குங்கள். பழைய அசல் மெஷின் ஸ்டுடியோவை விட்டு வெளியே போகக் கூடாது.

சேகரிக்கும் ஆசைதான் காரணம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு ஆல்பத்தைச் சாக்காக்க வேண்டாம்.

மறுவாசிப்பு என்று முடிவு செய்தவர்களுக்கு வேலையின் வரிசை பற்றி ஒரு வார்த்தை. பலர் பாட்டை முழுதாக முடித்து, மாஸ்டரிங்கும் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்துவிட்டு, கடைசியில் பப்ளிஷரிடம் போகிறார்கள். அப்போது பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. மறுத்தால் பாட்டே போச்சு. பல்லவியும் ஒரு ராப் பத்தியும் தயாரானதும் சாதாரணப் பதிவு ஒன்றோடு கடிதம் எழுதுங்கள். வரிகளை முழுதாகத் தட்டச்சு செய்து கூடவே வையுங்கள், ஏனென்றால் எழுதியவர்கள் முதலில் படிப்பது வரிகளைத்தான். மறுப்பு வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். பதில் வரும்வரை அதே பீட்டுக்குச் சொந்த மெட்டில் இன்னொரு பல்லவியையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் மாற்ற வேண்டியது எட்டு பார் (நான்கு பீட் கொண்ட சுற்று) மட்டும்.